இடது கன்னம்

உச்சி வெயிலில் சுடுதளத்து மணல்மேடு கண்ணைக் கூசவைக்கிறது. சோதனைக்கு வந்த குட்டைத் துப்பாக்கியில் தோட்டாப் பெட்டி விசைக்குப் பின்னால் இருப்பதால், சுட்ட தோட்டாவின் சூடான வெற்றுக்கூடு தோளருகே வலப்புறமாகத் தெறிக்கிறது. இடது தோளில் வைத்துச் சுடும் பெண் சிப்பாயின் கன்னம் இருப்பதும் அங்கேதான். ஐந்து குண்டும் கறுப்பு வட்டத்துக்குள். கன்னத்தில் ஐந்து சூட்டுச் சிவப்பு. “வலது தோளுக்கு மாத்திக்கம்மா, பழகிடும்,” என்று துப்பாக்கி செய்த கம்பெனிக்காரர் ஒப்புதல் தாளையும் பேனாவையும் நீட்டுகிறார். அவள் பேனாவைத் தொடவில்லை. “எங்க படையில இடக்கைக்காரங்க பதினோரு பேர் சார்.” துப்பாக்கியை அவர் கையில் திணிக்கிறாள். “இடது தோள்ல வச்சு நீங்க ஒரு தடவை சுடுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்.” பேனா பிடித்த அவர் கை தானாகக் கன்னத்தை மூடுகிறது.