இரண்டங்குல மத்தி

"வாங்க தொரை. இந்த வாரம் இவ்வளவுதானா?"

பையை வாங்கிய அண்ணி, மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். முழங்கை நீளம்கூட இல்லாத பாரை.

கொழுந்தன் என்ன சொன்னாலும் விடமாட்டாள். முடியாத மனுஷன் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கப் பொய்மீன் கட்டித் தருகிறார், தம்பி அதைப் போட்டுப் படகு நிறையப் பிடிக்கிறான், பெரியதையெல்லாம் எங்கேயோ தள்ளிவிட்டு வீட்டுக்குப் பொடியைக் கொண்டுவருகிறான் என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடிப்படி இறங்கிய ஒருவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் குழறலாக வந்தது. "விடுடி. எதைக் கடிச்சுதுன்னு கேளு. மத்தியா, நெத்திலியா?"

"மத்திதாண்ணே."

அண்ணனின் தொழிலே பொய்மீன் கட்டுவதுதான். தூண்டில் முள்ளை இடுக்கியில் பொருத்தி, வயிற்றுக்கு வெள்ளை மயிர், முதுகுக்குப் பச்சை, விலாவுக்கு நாலு இழை வெள்ளிச் சரிகை வைத்து நூலால் இறுக்கிக் கண்ணை ஒட்டினால் இரண்டங்குல மத்தி தயார். தண்ணீரில் போட்டால் நிஜ மத்திகள் அதையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் என்று படகுத்துறையில் சொல்வார்கள். தம்பிக்கு, பொழுதுபோக்காக மீன் பிடிக்க வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் வேலை.

எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அண்ணனின் இடது கை விழுந்துவிட்டது. இரண்டு மாதம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். தம்பிதான் இடுக்கியைக் கட்டிலோடு சேர்த்து முடுக்கிக் கொடுத்தான். மறுபடி கட்டினார். ஆனால் ஒரு கை நூலைச் சுற்றும்போது இன்னொரு கை மயிரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கைதான் இல்லையே. முதல் வீச்சிலேயே எல்லாம் தண்ணீரில் அவிழ்ந்து, வெறும் முள் திரும்பி வந்தது.

அன்று அவன் சந்தையில் ஒரு பாரையை வாங்கி வந்து, "உன் மத்திக்குத்தாண்ணே மாட்டிச்சு" என்றான். அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அதிலிருந்து வாராவாரம் சந்தைதான்.

இன்று அவனுக்குப் போதும் என்றாகிவிட்டது. தெரு முழுக்கத் திருட்டுப் பட்டம். அண்ணியின் பின்னாலேயே சமையலறைக்குப் போனான்.

"அண்ணி, அண்ணன் கட்டறது எதுவும் கடல்ல நிக்கறதில்ல. ஆறு மாசமா நான் கொண்டு வர்றதெல்லாம் சந்தை மீன்."

அண்ணி குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். மீனைக் கழுவிப் பலகையில் வைத்தாள். அலமாரியின் மேல்தட்டைத் துழாவி ஒரு தூண்டில் முள்ளை எடுத்தாள். பாரையின் மேலுதட்டை விரித்து ஓரமாக ஒரே குத்து. முள்ளைத் திருகி, ஓட்டையைக் கொஞ்சம் கிழித்தும் விட்டாள்.

"வலையில மாட்டின மீனுக்கு உதட்டுல காயம் இருக்குமா தம்பி? உங்கண்ணன் முதல்ல அங்கதான் பார்ப்பாரு. நல்ல வேளை, முதல் வாரம் அவர் பார்க்கறதுக்கு முன்னாடி நான் பார்த்துட்டேன். அன்னிலேர்ந்து நான்தான் குத்தறேன்."

அவன் குனிந்து அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான். "அப்புறம் ஏன் அண்ணி, வாசல்ல வச்சு அந்தப் பேச்சு?"

"வாதம் இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருக்கற வரைக்கும், தன் கையால கட்டின மத்தியில மாட்டற மீனுக்காக வீட்டுல சண்டை நடக்குதுன்னு அவர் நெனச்சுக்கட்டும்."

குழாயை மூடினாள். பாரையைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"கண்ணைத் துடை. அவர் முன்னாடி நீ இன்னும் நாலு திட்டு வாங்கணும்."