அந்த நாலு பாட்டு

"அந்த நாலு பாட்டையும் எடுத்துடுங்க தம்பி. இல்லேன்னா இந்த ஆல்பமே வேண்டாம்."

பாடகர் இப்படிச் சொன்னதும் ஒலிப்பதிவு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சவுண்ட் இன்ஜினீயர் பெண் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "சார், பாதி வேலை முடிஞ்சாச்சு சார்" என்றாள் அழாத குறையாக.

சோபாவில் சாய்ந்திருந்த கம்பெனிக்காரர் அசரவில்லை. அவருடையது சின்ன இசைக் கம்பெனி. முதலாளியும் அவரே, பார்சல் கட்டுகிறவரும் அவரே. பாடகரின் சிறந்த பாடல்களை ஒரே தொகுப்பாகப் போட வேண்டும் என்று அலைந்து திரிந்து அவரைக் கண்டுபிடித்தபோது, பாடகர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் யாருக்கோ கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு, சொந்தமாக ராக் பாட்டு எழுதிப் பாடி மேடையை அதிர வைத்தவர். கேட்டவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். கேட்டவர்கள்தான் குறைவு.

"ஏண்ணே, அந்த நாலும்தானே உயிர்? அதை எடுத்துட்டா, 'சுமாரான பாடல்கள்'னு அட்டையில போட்டு விக்கவா?"

இன்ஜினீயர் பெண் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிண்டல் பண்ணாதீங்க. அது நாலும் ஒருத்தியை நினைச்சு எழுதினது."

"காதல் பாட்டை யாரையாவது நினைச்சுத்தான் எழுதணும். கரண்ட் பில்லை நினைச்சா எழுத முடியும்?"

"நான் விளையாடல தம்பி. அவங்கப்பா, 'பாட்டை விட்டா உனக்கு வேற என்ன தெரியும்?'னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. நானே ஒதுங்கிட்டேன். அவளோட கல்யாணப் பத்திரிகை வந்தது. பிரிச்சுக்கூடப் பார்க்கல."

"அப்புறம் அவங்களைப் பார்க்கவே இல்லையா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. நல்லா இருக்கான்னு காதுல விழுந்தது. அது போதும்னு இருந்துட்டேன். அப்ப இந்தப் பாட்டை யாரும் கேக்கல, தப்பிச்சேன். இப்ப இவர் ஊரெல்லாம் ஒலிக்க விடப் போறார். பேரு சொல்லலதான். ஆனா முன்பல் இடைவெளி, ரெண்டு ரெண்டு படியா தாவி இறங்கறது, ஜோக்கைச் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சுடறது, எல்லாத்தையும் எழுதித் தொலைச்சிருக்கேனே! அவ புருஷன் செவிடா இருந்தாத்தான் கண்டுபிடிக்க மாட்டார்."

கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? முதல்முதலா இதைக் கேட்டப்ப எனக்குச் சுத்தமா பிடிக்கல. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல."

"அவ்வளவு மோசமாவா இருந்தது?"

"அவ்வளவு நல்லா இருந்தது."

பாடகர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அப்புறம்?"

"அப்புறம் பழகிடுச்சு. இப்ப கார் ஓட்டும்போது நானே பாடறேன். பக்கத்துல உட்கார்றவங்க பாவம், காதைப் பொத்திக்கறாங்க."

அவருடைய போன் அடித்தது. "ம்... இன்னும் ஒத்துக்கல... சொல்றேன்... அட, சொல்றேன்மா!" என்று வைத்தார். "வீட்டுல இருந்து. படிக்கட்டுப் பாட்டுதான் முதல்ல வரணுமாம். இந்த வரிசையே அவங்க போட்டதுதான். கம்பெனிதான் என்னோடது, காது அவங்களோடது."

"பரவாயில்லையே! எனக்கு ஒரு ரசிகையாவது இருக்காங்க" என்றார் பாடகர். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

இதுதான் சமயம் என்று இன்ஜினீயர் பெண் பட்டனைத் தட்டினாள். கிடார் சீறிக்கொண்டு கிளம்பியது. பின்னாலேயே டிரம்ஸ். அதற்கு மேலே, எதற்கும் பயப்படாத ஓர் இளைஞனின் குரல். பாடகரின் செருப்புக் கால் அவரைக் கேட்காமலே தரையில் தாளம் போட ஆரம்பித்தது.

"இது நானா?"

"நீங்கதான் சார். இதை விட்டுட்டு எப்படி சார் கிளட்சை மிதிச்சுட்டு இருந்தீங்க?"

பாட்டு முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது ஈரமாக இருந்தது.

"ஆசையாத்தான் இருக்கு. இத்தனை வருஷம் கழிச்சு நாலு பேர் கேட்கப் போறாங்கன்னா யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா என் ஆசைக்காக ஒரு குடும்பத்துல சண்டை வரக்கூடாது. அவ நிம்மதி கெட்டுத்தான் என் பாட்டு பிழைக்கணும்னா, எனக்கு டிரைவிங் ஸ்கூலே போதும்."

"சண்டையெல்லாம் வராதுண்ணே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வியாபாரி. வித்தா சரி உங்களுக்கு." பாடகருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணு செய்யுங்க. அவ புருஷன் என் எதிர்ல வந்து உட்காரட்டும். என் கண்ணைப் பார்த்து, 'போடுங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல'ன்னு சொல்லட்டும். நாலையும் போட்டுக்கலாம். முடியுமா உங்களால?"

கம்பெனிக்காரர் சோபாவை விட்டு எழுந்தார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து, பாடகருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்கண்ணே" என்றார், கண்ணைப் பார்த்து. "எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."