நாலாம் தறிக்கு மட்டும்

பிள்ளையார்பாளையத்துத் தறிக்கூடத்தில் கூரைக் கண்ணாடி வழியே வெயில் இறங்கி, ஆறு தறிகளின் ஜரிகையிலும் ஆறு செல்போன்களிலும் மினுங்குகிறது. நூல் தயாரானதை நெசவாளர்களுக்குச் சொல்லும் செயலியை எழுதிய இளவரசி மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறாள். நூலில் சாயம் ஏறியதும் சாயப்பட்டறைக்கார ஜான் பாஷா பொத்தானை அமுக்குவார். சர்வர் தானாகவே தறிக்காரர்களின் போன்களுக்குச் சேதி அனுப்பும். போன வாரம் அந்தச் சேதியில் நிறத்துக்கு மட்டும்தான் இடம் வைத்திருந்தாள். ‘அரக்கு தயார்’ என்றதும் ஆறு தறிக்காரர்களும் பட்டறைக்கு ஓடினார்கள். முகூர்த்த மாதம், எல்லாருக்கும் அரக்குதான். இப்போது தறி எண்ணுக்கும் இடம் வைத்திருக்கிறாள். “இன்னிக்கும் எல்லாரையும் ஓட வுட்டா, இத்த அழிச்சிடுவோம்மா,” என்கிறார் வீரபாகு, தன் தறியில் ஊடைநூல் நாடாவை வீசிக்கொண்டே. “சரி மாமா,” என்கிறாள் இளவரசி.

ஒரு போனின் மணி அடிக்கிறது. தறிகள் நிற்கின்றன. அம்சவேணியின் போன் மட்டும் கூவுகிறது. “நாலாம் தறி! என்னுது!” என்று பையை உதறிக்கொண்டு எழுகிறாள் அவள். வீரபாகு தன் போனைத் தட்டிப் பார்க்கிறார். “இது செத்துடுச்சா?” “இல்ல மாமா, உங்க நூலு இன்னும் சாயக் கொப்பரையில வெந்துக்கினு இருக்குது,” என்கிறாள் இளவரசி. “அடேங்கப்பா, வாய மூடக் கத்துக்கிச்சே!” ஐந்து தறிகள் தடதடவென்று ஓடத் தொடங்குகின்றன. இளவரசி அந்த ஐந்து போன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.