ஒரே சங்கிலியில்

ரயிலை விட்டு இறங்கிய தையல்காரி, நிலையத்தின் சைக்கிள் நிறுத்தத்துக்கு ஓடி வருகிறாள். காலையில் கணவனிடம் கோபித்துக்கொண்டு கிளம்பிய வேகத்தில் சைக்கிள் பூட்டை வீட்டு கேட்டிலேயே விட்டுவிட்டாள். ரயில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. இந்நேரம் எவனாவது தள்ளிக்கொண்டு போயிருப்பான். ஆனால் சைக்கிள் நிற்கிறது. சாயங்கால வெயில் அதன் மணிமேல் மினுங்குகிறது. கனத்த சங்கிலி ஒன்று அதையும் பக்கத்துச் சைக்கிளையும் சேர்த்துப் பிணைத்திருக்கிறது. யார் வேலை இது? குனிந்து பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நிமிரும்போது பக்கத்துச் சைக்கிளின் இருக்கை உறை கண்ணில் படுகிறது. பூப்போட்ட அந்தத் துணி, கணவனுக்காக அவள் கையால் தைத்தது. உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். அடுத்த ரயில் வந்து நிற்க, கூட்டத்துக்குள் ஒதுங்கி ஒதுங்கி அவன் வருகிறான். விரலில் சாவி ஆடுகிறது. “ரெண்டையும் சேர்த்துத் தூக்க எந்தத் திருடனுக்குத் தெம்பு இருக்கு?” என்கிறான். “இனிமே பேசவே மாட்டேன்னீங்களே?” “பூட்டைப் பத்தித்தானே பேசறேன்.” பூட்டு திறக்கிறது, சங்கிலி சலசலவென்று கழன்று விழுகிறது. அவள் அதைச் சுருட்டித் தன் கூடையில் போட்டுக்கொள்கிறாள். “வீட்டுலயும் இப்படியே சேர்த்துப் பூட்டிடுங்க,” என்கிறாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.