புதன்கிழமைப் பாடம்

ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே கரும்பலகை, ஒரே டீச்சர் நான். பலகையை ஐந்து கட்டங்களாகப் பிரித்திருப்பேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே ஒரு வகுப்பின் வரிசை. ஒன்றாம் வகுப்புக் கோபிகா திங்களன்று தன் வரிசையில்தான் இருந்தாள். செவ்வாயன்று இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து வாய்பாடு எழுதினாள். சேட்டை என்று விட்டுவிட்டேன். புதனன்று மூன்றாம் வகுப்பில் இருந்தவளைக் காதைப் பிடித்து இழுத்துவந்து பழைய இடத்தில் உட்கார வைத்தேன். நாள் முழுக்க அழுதாள். வியாழனன்று நான்காம் வகுப்பில், புரியாத வகுத்தல் கணக்கைப் படம் வரைவதுபோல் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். எனக்கு அலுத்துவிட்டது. வெள்ளி மாலை, மணி அடிக்கப் போனபோது ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து எழுந்து வந்தாள்.

“நாளைக்கு செங்கல் சூளைக்குப் போறோம் டீச்சர். இனிமே ஸ்கூலு கிடையாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. எல்லா கிளாஸும் முடிச்சிட்டேன். மூணாங்கிளாஸ் மட்டும்தான் விட்டுப்போச்சு.”

மணிக்கம்பியைக் கீழே வைத்தேன். மூன்றாம் வகுப்புக் கட்டத்தை விட்டு மற்ற நான்கையும் அழித்தேன். அவள் நோட்டைத் திறந்து, பென்சிலைப் பிடித்தபடி பலகையைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக நான் நடத்தும் மூன்றாம் வகுப்பில் ஒரு பாடம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.