முகாமின் கடைசி ஆள்

"அந்த ஆளை இந்த வாரமே கிளப்புங்க டீச்சர். நாப்பத்தொரு பிள்ளைங்க மழையில நின்னு உடற்பயிற்சி பண்ணுதுங்க!"

பெற்றோர் சங்கத் தலைவி நரிதா பொரிந்து தள்ளினாள்.

ஓயிகாவா டீச்சருக்கும் அதே எரிச்சல்தான். சுனாமிக்குப் பிறகு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் முந்நூறு பேர் தங்கினார்கள். தற்காலிக வீடுகள் கிடைத்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். மீன் தொழிற்சாலையில் தொழிற்சங்கம் நடத்திய கொன்னோ மட்டும், குலுக்கலில் விழுந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அட்டைத் தடுப்புக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் நேரில் போய்க் கேட்டாள்.

"பிள்ளைங்க நனையுதுங்க. உங்களுக்கு மனசே இல்லையா ஐயா?"

"நனையட்டும். நம்ம ஊர்லயே நனையட்டும்."

"ஓசிச் சாப்பாடு ருசி கண்டுபோச்சு!"

"அந்த ஆறிப்போன சோத்து உருண்டையா? போய்ப் பாடம் நடத்தும்மா."

செவ்வாய்க்கிழமை அவர் பொதுக் குளியலறைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து டீச்சரும் நரிதாவும் கெட்டில், ரேடியோ, துணிமூட்டை எல்லாவற்றையும் வாசலில் நின்ற வண்டியில் ஏற்றினார்கள். மெத்தை மட்டும்தான் பாக்கி.

அப்போது நகராட்சி எழுத்தர் மியுரா உள்ளே வந்தார்.

"அடடே, காலி பண்ணிட்டாரா!"

முகமெல்லாம் சிரிப்பாகப் பையிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"ஜூன் மாசத்துலேருந்து இதைத் தூக்கிக்கிட்டு அலையறேன்."

"என்ன அது?"

"உங்க பள்ளியை மூடற உத்தரவு. பிள்ளைங்களை மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில சேர்க்கணும். முகாம்ல ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கட்டடத்தை மூடக் கூடாதுன்னு விதி. சீக்கிரம் காலி பண்ணச் சொல்லி கொன்னோகிட்ட இதைக் காட்டின மறுநாளே மனுஷன் வீடு வேண்டாம்னுட்டார்!"

"எங்ககிட்ட யாருமே சொல்லலையே?"

"சொன்னா ஊர்வலம் வருவீங்கன்னு எனக்குப் பயம். பிள்ளைங்களை முந்திக்கிட்டு அங்க சேர்த்துடுவீங்கன்னு அவருக்குப் பயம்."

நரிதா வெளியே போனாள். கெட்டிலோடு திரும்பி வந்து, அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மியுரா பேனாவைத் திறந்தார்.

"தங்கியிருப்போர்... யாருமில்லைன்னு போட்டுடவா?"

டீச்சர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மெத்தையில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேர்னு போடுங்க. இன்னொருத்தர் குளிக்கப் போயிருக்கார்."