அறுபதில் நின்ற முள்

நிலவறையில், கொதிகலனைத் திருத்த வந்தவன் அதன் தகட்டைத் திறந்ததும், கரி அவன் முழங்கைவரை கொட்டியது.

வீட்டைச் சூடாக்கும் அந்தக் கொதிகலனின் வயிறெங்கும் கரி. எண்ணெய் கசியும், பஞ்சு போன்ற கரி. நாவில் அதன் கசப்பு இறங்கிற்று.

எண்ணெய்க் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தினான். நூறில் நிற்கவேண்டிய முள் அறுபதில் நின்றது.

அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியின் தலையில் புதிய கீறல்.

படிக்கட்டில் வீட்டுக்காரர் சிற்றம்பலம் நின்றார். காலைப் பூசை முடித்த மேனி. நெற்றியில் மூன்று வெண்கோடுகள்.

"நான்தான் தம்பி. குத்துவிளக்குத் திரியைத் தாழ்த்திறமாதிரிக் கொஞ்சம் தாழ்த்திவிட்டனான். எண்ணெய் வீணாகக் கூடாதெல்லோ."

திரியைத் தாழ்த்தினால் சுடர் சிறுக்கும். இங்கே திரி ஏது? எண்ணெய், நொசில் என்னும் தெளிப்புமுனையின் நுண்துளை வழியே பனிப்புகையாய்ச் சீறவேண்டும். அழுத்தம் குறைந்தால் துளிகளாய்ச் சிந்தும். அரைகுறையாய் எரிந்தது கரியாகும்.

மணமும் நிறமும் அற்ற நச்சுவாயுவுமாகும்.

இரண்டடி தள்ளி, அந்த நிலவறையில் வாடகைக்கு இருக்கும் பெண்ணின் கதவு. கதவின்மேல், சுவரில், வட்டமாய் வெளிறிய ஒரு தடம்.

"இதிலை இருந்த நச்சுவாயு அலாரம் எங்கை, அண்ணை?"

"அதோ? எந்நேரமும் கத்தினபடி. மேலை ஒரு தேவாரம் பாடேலாது. பற்றரியைக் கழட்டி, அலாரத்தையும் சாமியறை மேசை லாச்சிக்குள்ளை போட்டிட்டன்."

பிறகு, குரலைத் தணித்து:

"கீழை இருக்கிற பிள்ளைக்கும் எந்தநாளும் தலையிடி, சாப்பிட்டது நிக்காமல் சத்தி. கோயில் பக்கம் போறேல்லை, வேறென்ன. நான்தான் திருநீறு போட்டுவிடுறனான்."





கொதிகலனை அணைத்துவிட்டு அந்தப் பெண்ணின் கதவைத் தட்டினான். திறந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. நெற்றியில் நீறு.

"கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியிலை போய் நில்லுங்கோ, தங்கச்சி. இப்பவே."

சாளரங்களைத் திறந்தான். கரியை வழித்தான். நொசிலை மாற்றினான். முள்ளை நூறுக்கு உயர்த்தித் திருகாணியை மூடி முத்திரையிட்டான்.

சுடர் நிமிர்ந்தது. கரி படிகிறதா என்று புகைபோக்கியில் செருகிய வெள்ளைத்தாள் வெள்ளையாகவே மீண்டது.

சாமியறை மேசையின் லாச்சியை இழுத்து அலாரத்தை அவனே எடுத்தான். புதிய பற்றரி இட்டு, பழைய தடத்தில் பொருத்தி, அழுத்திப் பார்த்தான். வீடு முழுதும் அது வீறிட்டது.

சிற்றம்பலம் முகம் சுளித்தார்.

அவன் புறப்படும்போது திருநீற்றுத் தட்டோடு வாசலில் நின்றார். ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினார்.

நீற்றை ஒருநாளும் மறுத்தறியாதவன் அவன். நீட்டிய விரல்களையே பார்த்தான்.

"கை அழுக்கு, அண்ணை."

இருமுறை சோப்பிட்டுக் கழுவிய கைகளைச் சட்டைப்பைக்குள் இட்டுக்கொண்டு இறங்கினான்.

வெளியே, உறைபனியில், அவள் நின்றிருந்தாள்.

மூச்சை விட்டாள். அது வெண்மையாய்த் தெரிந்தது.

அடுத்த மூச்சுக்காக அவன் காத்து நின்றான்.